போன் இருக்கிறது, நெட் இருக்கிறது, படிவம் மட்டும் திறக்கவில்லை: மாற்றுத்திறனாளிகளின் டிஜிட்டல் உரிமை என்றால் என்ன?

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. இணையச் சேவைகளை எல்லோரையும் போலப் பயன்படுத்த முடிவது, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பது அதன் சாரம். செய்தி வந்ததும் குழப்பமும் கூடவே வந்தது. இனி அரசு எல்லோருக்கும் இலவச போன் தருமா? ரீசார்ஜ் பணம் தருமா? இது புதுச்சேரிக்கும் பொருந்துமா? தனியார் வங்கியின் செயலியை இது கட்டுப்படுத்துமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில், இல்லை. அடுத்த இரண்டுக்கும் பதில், ஆமாம். தீர்ப்பு பேசுவது கருவியைப் பற்றி அல்ல. போனுக்குள்ளே இருக்கும் படிவமும் பிடிஎஃப் கோப்பும் செயலியும், கண் தெரியாதவருக்கும் காது கேளாதவருக்கும் கை நடுங்குபவருக்கும் வேலை செய்ய வேண்டும் என்பதைப் பற்றி.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, இயக்கம் மட்டுமல்ல. தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய் எல்லாம் அதில் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி பேர், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பு இந்த 21 வகைகளை வைத்து எடுக்கப்பட்டதல்ல. வெறும் 8 தலைப்புகளில் எடுத்தது. ஆகவே உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

ஒரு நுணுக்கம். இட ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற அளவுகோல் உண்டு. இணையதளம் பயன்படும்படி இருக்க வேண்டும் என்ற உரிமைக்கு அந்த அளவுகோல் கிடையாது. சான்றிதழில் 35 விழுக்காடு என்று போட்டிருந்தாலும் படிவம் அவருக்கும் திறக்கத்தான் வேண்டும்.

திரையைப் பார்க்காமல் திரையைப் படிப்பது எப்படி

பார்வையற்றவர்கள் போன் பயன்படுத்துவதைப் பார்த்து இன்னமும் ஆச்சரியப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அதில் மாயம் ஒன்றும் இல்லை. ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் திரையில் உள்ளதைப் பேச்சாக மாற்றிச் சொல்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ் ஓவர் உள்ளேயே வருகின்றன. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது, முழுக்க இலவசம், தமிழும் பேசும்.

ஸ்கிரீன் ரீடர் திரையில் தெரியும் படத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரல்குறிப்பில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறது. அங்கே எழுதவில்லை என்றால், திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அதைப் பொறுத்தவரை அது இல்லை. ஏதோ ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எங்கெங்கே மாட்டிக்கொள்வார்?

1. பெட்டிக்குப் பெயர் இல்லாதபோது. 'தந்தை பெயர்' என்று பெட்டிக்கு மேலே அச்சாகியிருக்கும். ஆனால் நிரலில் அந்த எழுத்தையும் பெட்டியையும் இணைத்திருக்க மாட்டார்கள். காதில் விழுவது "எடிட் பாக்ஸ்", அடுத்ததும் "எடிட் பாக்ஸ்", அதற்கடுத்ததும் அதேதான். எதில் என்ன போடுவது?

2. கேப்சா வரும்போது. கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் படம். ஒலி வடிவம் இருந்தாலும் இரைச்சலோடு ஆங்கிலத்தில் இருக்கும். பார்வையும் செவியும் இரண்டுமே குறைந்தவருக்கு அங்கேயே கதவு சாத்தியாயிற்று.

3. நாள்காட்டியைத் தொட்டுத் தேர்வு செய்யச் சொல்லும்போது. பிறந்த தேதியை எண்ணாக அடிக்க விடாமல், ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளிப் போகச் சொல்வார்கள். மவுஸ் பிடிக்க முடியாதவர், கை நடுங்குபவர் எல்லாருக்கும் இது தண்டனை.

4. நேரம் முடியும்போது. ஓடிபி வந்ததைக் கேட்டு, செயலி மாறி, திரும்பி வந்து அடிப்பதற்குள் 'நேரம் கடந்துவிட்டது' என்று பக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

5. தவறைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டும்போது. எங்கே பிழை என்று குரல் சொல்லாது.

இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய விதித் தொகுப்பு இவற்றுக்கு எல்லாம் தீர்வு எழுதி வைத்திருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2008இல் வந்தது. உள்ளடக்கம் புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், பலவகைக் கருவிகளிலும் உடையாமல் ஓட வேண்டும் என்ற நான்கு கொள்கைகள்தான் அதன் அடித்தளம். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். வெளிர் சாம்பலில் எழுத்துப் போடும் வடிவமைப்பாளர்கள் இதைப் படித்தால் வயதானவர்களும் வாழ்த்துவார்கள்.

செவித்திறன் குறைந்தவர்களின் சிக்கல் வேறு மாதிரி. 'வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைக்கவும்' என்ற ஒரே வழி, எழுத்து வரிகள் இல்லாத விளக்க வீடியோ, சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத வீடியோ கால் சரிபார்ப்பு. தொழுநோயால் விரல் ரேகை தேய்ந்தவருக்கு, ரேகை வைக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சோதனை.

தமிழ்க் கோப்புகளுக்கே உள்ள தலைவலி

ஆங்கிலத் தளங்களில் இல்லாத சிக்கல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பல ஆண்டுகள் அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் தமிழைத் தட்டியது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் அல்ல. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில். அவற்றில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்து. திரையில் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேஷம். பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல்லுக்குள்ளே உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். கண்ணுக்குத் தமிழ். ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது அந்த ஆங்கில உளறலை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சுப் பழகிய கை அதை விடவில்லை.

இதைவிட மோசம் ஸ்கேன் பிடிஎஃப். நடப்பது என்னவென்றால், ஒரு சுற்றறிக்கையைக் கணினியில் அழகாகத் தட்டுகிறார்கள். அச்செடுக்கிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துகிறார். அதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். தட்டிய கோப்பில் எழுத்து இருந்தது; ஏற்றிய கோப்பில் இருப்பது வெறும் படம். ஸ்கிரீன் ரீடர் "காலிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான நலத்திட்ட அறிவிப்பே இப்படி ஸ்கேனாக வருவதுண்டு. யாருக்காக வெளியிட்டார்களோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் படிக்கலாம்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, தமிழுக்கும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அட்டவணை வந்தால் குழம்பிவிடும். மங்கலான நகலில் 3ஐ 8 என்று எடுக்கும். கடைசித் தேதியிலும் கட்டணத்திலும் அந்தப் பிழை வந்தால் யார் பொறுப்பு?

தீர்வுக்குக் காசு செலவில்லை. யூனிகோடில் தட்டுங்கள். அந்தக் கோப்பையே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கையெழுத்து வேண்டுமானால் டிஜிட்டல் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் ஸ்கேனோடு சேர்த்து எழுத்து வடிவத்தையும் ஏற்றுங்கள். யூனிகோட் பிடிஎஃப்பிலும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறுவதுண்டு. அதனால் அதே செய்தியைச் சாதாரண இணையப் பக்கமாகவும் போட்டுவிடுவது உத்தமம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு சிறு குறிப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் சில கருவிகளில் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று மென்று துப்பும்.

தமிழ்நாடு அரசு பார்வை, செவித்திறன் குறைந்தவர்களுக்குத் திறன்பேசி வழங்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் ஒரு கையால் போனைக் கொடுத்துவிட்டு மறு கையால் அரசாணையைப் படமாக ஏற்றினால், அந்த போனுக்கு வேலை பாட்டுக் கேட்பதுதான்.

புயல் எச்சரிக்கை யாருக்கு எட்டுகிறது

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இது ஏட்டு விஷயம் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கரையேறியது. அடுத்த இரண்டாவது நாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறக்க, தென்பெண்ணைக் கரையோரம் கடலூர் வரை வெள்ளம்.

அப்படிப்பட்ட நாளில் செய்தி எப்படி வருகிறது? பெரும்பாலும் லெட்டர்ஹெட்டில் அச்சடித்த அறிக்கையின் போட்டோவாக, வாட்ஸாப்பில். முகாம் எங்கே, எந்த எண்ணுக்கு அழைப்பது, எந்தத் தெருவைக் காலி செய்வது எல்லாம் படத்துக்குள்ளே. டாக்பேக் அதை "போட்டோ" என்று மட்டும் சொல்லும். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போவார்கள். அது காது கேளாதவருக்கு எட்டாது. சரி, உதவி எண் இருக்கிறதே என்றால், அதுவும் பேச்சு வழிதான்.

2023இல் நம் போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் நடத்திய செல் பிராட்காஸ்ட் சோதனை அது. அந்த முறை இந்த விஷயத்தில் சரியான பாதை. செய்தி எழுத்தாக வருகிறது, போன் ஒலிக்கிறது, அதிர்கிறது. ஒரே செய்தி மூன்று வழிகளில் போகிறது. மாவட்ட அறிவிப்புகளிலும் இதே யோசனை வேண்டும். படத்தை அனுப்பினால் அதே செய்தியைக் கீழே எழுத்தாகவும் ஒட்டி அனுப்புங்கள். அவ்வளவுதான். அரை நிமிட வேலை.

சட்டம் எங்கே நிற்கிறது

1. 2016 சட்டத்தின் 40ஆம் பிரிவு, எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் தரங்களை வகுக்கும் பொறுப்பை மத்திய அரசுக்குத் தருகிறது. 42ஆம் பிரிவு மின்னணு ஊடகமும் தகவல்தொழில்நுட்பமும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. 46ஆம் பிரிவு அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் சேவை தரும் எல்லோரையும் பிடிக்கிறது.

2. 2017இல் வந்த விதிகளில் 15ஆம் விதி இந்தத் தரங்களைக் குறிப்பிட்டது. ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரம் 2023இல் இந்த விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது.

3. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 15ஆம் விதியின் முதல் பகுதி சட்டத்துக்கு முரண் என்றது. சட்டம் 'கட்டாயம்' என்று சொல்ல, விதி வெறும் ஆலோசனைக் குறிப்புகளை அடுக்கியிருந்ததே காரணம். மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது.

4. பிறகு வந்ததுதான் 2025 ஏப்ரல் தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன். வங்கிக் கணக்குத் தொடங்க, உயிருள்ள ஆள்தான் என்று காட்ட கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னது மென்பொருள். அவரால் சிமிட்ட முடியாது. இன்னொருவர் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின். கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பு குறித்து நீதிமன்றம் 20 வழிகாட்டுதல்கள் தந்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும். காகித வழிச் சரிபார்ப்பை மூடக்கூடாது. கணினி நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். கைரேகைப் படத்தையும் ஏற்க வேண்டும். தளங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும். சோதனை பார்க்கும்போது பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் தன் கேஒய்சி விதிகளைத் திருத்தி, இந்த உயிர்ச் சரிபார்ப்பு யாரையும் வெளியே தள்ளக்கூடாது என்று சேர்த்தது.

கேஒய்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? உதவித்தொகை, கல்வி உதவி, ஊரக வேலைத் திட்டக் கூலி எல்லாம் வங்கிக் கணக்குக்குத்தான் வருகின்றன. புதுச்சேரியில் சில ஆண்டுகள் ரேஷன் கடைகளை மூடி, அரிசிக்குப் பதில் பணமாக வங்கியில் போட்டார்கள். அன்று கணக்கு முடங்கியவருக்குச் சோறும் முடங்கியிருக்கும்.

"உதவிக்கு ஆள் இருக்கிறதே" என்ற பதில்

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. இ-சேவை மையம் இருக்கிறது, பிரவுசிங் சென்டர் தம்பி போட்டுக் கொடுப்பார், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உதவி நல்லதுதான். ஆனால் அந்த உதவிக்கு விலையாக அவர் கொடுப்பதைக் கவனியுங்கள். ஆதார் எண், கடவுச்சொல், ஓடிபி, வங்கி இருப்பு, மருத்துவச் சான்றிதழில் எழுதியிருக்கும் நோய் விவரம். மற்றவர்கள் யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கி தினமும் குறுஞ்செய்தி அனுப்பும் அதே ஓடிபியை, இவர் முன்பின் தெரியாதவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனநலக் குறைபாடு உள்ளவர் அதை ஊரில் ஒரு கடைக்காரரிடம் வெளிப்படுத்த விரும்புவாரா? பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. தானே செய்ய முடிவதுதான் அணுகல். இன்னொருவர் செய்து கொடுப்பது அணுகல் ஆகாது.

வேலைக்கு வந்தால்

அரசுப் பணியில் 4 விழுக்காடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 விழுக்காடு இடம் என்று 2016 சட்டம் சொல்கிறது. தனியாரில் ஒதுக்கீடு இல்லை. ஆனால் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும்.

காகிதத்தில் இத்தனை இருந்தும் ஆள் எங்கே கழல்கிறார் என்றால், படிப்படியாக. அறிவிக்கை ஸ்கேன் பிடிஎஃப், தெரிவதே தாமதம். விண்ணப்பத்தில் கேப்சா. கணினி வழித் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் மத்திய அரசு நெறிமுறைப்படி உண்டு. ஆனால் கேள்வியில் வரைபடம் வந்தால் கூடுதல் நேரத்தை வைத்து என்ன செய்வது? இதையெல்லாம் தாண்டி வேலையில் சேர்ந்தபின், அலுவலக மென்பொருள் விசைப்பலகையில் ஓடாது. அப்புறம் "அவரால் கணினி வேலை முடியாது" என்று தபால் பிரிவில் உட்கார வைப்பார்கள். அவரால் முடியும். மென்பொருளால்தான் முடியவில்லை. சட்டம் 'நியாயமான வசதி' என்று சொல்வது இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்; அந்த வசதியை மறுப்பதும் சட்டத்தின் பார்வையில் பாகுபாடு.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கடலூர் மாவட்ட எல்லையான ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரியில் வேலை, அங்கேயே ஜிப்மர் மருத்துவமனையில் வைத்தியம் என்று வாழ்கிற குடும்பங்களுக்கு எது யாருடையது என்பதே குழப்பம். சுருக்கமாகச் சொன்னால், 2016 சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இரண்டு பக்கமும் ஒன்றே. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் நாடு முழுக்கச் செல்லும். உதவித்தொகை, திறன்பேசி, இலவசப் பேருந்து போன்ற திட்டங்கள் மட்டும் அந்தந்த அரசுக்குரியவை. இருப்பிட முகவரியை வைத்துத்தான் தருவார்கள். கடலூர் மாவட்டத்துக்குக் கூடுதலாக ஒன்று: உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

படிவம் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது

1. ஆதாரத்தைப் பதிவு செய்யுங்கள். தளத்தின் முகவரி, தேதி, எந்தக் கருவி, எந்த இடத்தில் நின்றது. ஸ்கிரீன் ரீடர் பேசுவதை ஒலியோடு திரைப் பதிவாக எடுத்தால் வாதாடவே வேண்டாம்.

2. முதலில் அந்தத் துறைக்கோ வங்கிக்கோ எழுத்தில் புகார். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு. ரசீது வாங்க மறக்க வேண்டாம். வங்கி பதில் தராவிட்டால் 30 நாளுக்குப் பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(4) பிரிவை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. புலன் குறைபாடு உள்ளவர் ஆவணத்தை அணுகத் தேவையான உதவியைப் பொதுத் தகவல் அலுவலர் செய்து தர வேண்டும் என்கிறது அது. ஸ்கேன் சுற்றறிக்கையின் எழுத்து வடிவத்தை இதன்படி கேட்கலாம்.

4. அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனி. ஆணையர் ஒரு பரிந்துரை தந்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் துறை தெரிவிக்க வேண்டும். 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89ஆம் பிரிவு சொல்கிறது. பரிந்துரை என்பதால் துறைகள் இழுத்தடிக்க இடமுண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. அதற்கும் மசியாவிட்டால் உயர் நீதிமன்றம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னையில் உள்ள ஒரே நீதிமன்றம்தான். 2025 தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்துக்கொள்ளலாம்.